ஸ்டாலின்கிட்ட ஆறு மணிக்கு: பிராக் நகரில் ஐந்து நாள்

முதல் நாள், செவ்வாய்

இரண்டு விமானம் மாறி வந்து சேர்ந்ததில் மடக்கிய முட்டி இன்னும் நீளவில்லை. மகள் வீட்டு சோபாவில் காலைப் போட்டுக்கொண்டு கிடந்தேன். அவள் கைபேசியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அப்பா, சனிக்கிழமை எங்க ஆபீஸ்காரங்க எல்லாரும் கூடுறோம். ஆறு மணிக்கு, ஸ்டாலின்கிட்ட. நீங்களும் வாங்க."

நம் ஊர்க்காரனுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் யார் நினைவுக்கு வருவார் என்று சொல்லத் தேவையில்லை. 1953 மார்ச் 1-ஆம் தேதி பிறந்த பிள்ளைக்கு, 5-ஆம் தேதி இறந்துபோன சோவியத் தலைவரின் இரங்கல் கூட்டத்தில் கலைஞர் வைத்த பெயர். பொதுப்பணித்துறையில் கீழத்தஞ்சைப் பக்கம் நான் வேலை பார்த்த காலத்தில் மஸ்தூர் பட்டியலில் லெனினும் ஸ்டாலினும் அடுத்தடுத்து இருப்பார்கள். ஒரு ஸ்டாலினுக்கு நானே அரை நாள் சம்பளம் வெட்டியிருக்கிறேன்.

"இங்க ஸ்டாலின் சிலை இருக்கா?"

"இல்லப்பா. இருந்துச்சு. 62-லயே உடைச்சுட்டாங்க."

"அப்புறம் எப்படி ஸ்டாலின்கிட்ட?"

"அந்த இடத்துக்கு அதான் பேரு. 'ஊ ஸ்டாலினா'ன்னு சொல்வாங்க. ஸ்டாலின்கிட்டன்னு அர்த்தம்."

உடைத்து அறுபது வருடத்துக்கு மேலாகியும் அந்தப் பெயரைச் சொல்லி ஆள் கூடுகிறது. முப்பத்து மூன்று வருடம் கட்டுவதும் இடிப்பதுமாகவே பிழைத்தவன் நான். சனிக்கிழமை வரை பொறுமை இல்லை. நாளைக்கே போய்ப் பார்க்க வேண்டும்.

விமான நிலையப் பேருந்து எங்களை இறக்கிவிட்ட மத்திய ரயில் நிலையத்தின் எதிரில் அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன் நிற்கிறார். 1928-ல் வைத்த சிலை. அமெரிக்கா போரில் இறங்கியதும் 1941 டிசம்பரில் ஜெர்மானியர்கள் கழற்றிவிட்டார்கள். 2011-ல் அதே மாதிரி செய்து திரும்ப வைத்திருக்கிறார்கள். பெட்டியை இழுத்துக்கொண்டு வந்த அவசரத்தில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை இரவு சாப்பாட்டில் சொன்னார். இந்த ஊரில் சிலைகளுக்கும் வேலை நிரந்தரமில்லை போலிருக்கிறது.

இரண்டாம் நாள், புதன்

பழைய நகரச் சதுக்கத்திலிருந்து பாரிஸ் தெரு என்று ஒன்று நேராக ஆற்றை நோக்கிப் போகிறது. இரண்டு பக்கமும் கைப்பையை லட்ச ரூபாய்க்கு விற்கும் கடைகள். மனைவி ஒரு கண்ணாடி முன்னால் நின்று விலையை ரூபாயாக்கிப் பார்த்தாள். அப்புறம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

தெருவின் நடுவில் நின்று பார்த்தால் விஷயம் விளங்கும். தெரு, அதன் முனையில் செக் பாலம், பாலத்தைத் தாண்டி லெட்னா குன்று, எல்லாம் ஒரே நூல் பிடித்த கோட்டில் இருக்கின்றன. பாலத்துக்குச் செக் என்பது நாட்டின் பெயரால் வந்ததல்ல, ஸ்வடோப்ளுக் செக் என்ற கவிஞரின் பெயர். அந்தக் கோட்டின் கடைசியில், நகரத்தில் பாதிப் பேர் ஜன்னலைத் திறந்தால் தெரிகிற மாதிரி ஒரு மேடை. இடத்தைத் தேர்ந்தெடுத்தவன் கெட்டிக்காரன். கோயில் கட்டுகிறவன் மூலவருக்கு இடம் பார்ப்பது போலப் பார்த்திருக்கிறான்.

பாலத்தைக் கடந்ததும் படிகள். மனைவி கீழேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நான் மூன்று இடத்தில் நின்று நின்று ஏறினேன். சாதாரணப் படி இல்லை. அகலமும் திருப்பமும் ஊர்வலத்துக்கு என்றே போட்டவை. கருங்கல் வேலை இன்றைக்கும் பிசிறு தட்டவில்லை. ஆங்காங்கே இணைப்புகளில் புல் முளைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

மேலே போனால் சிவப்பு நிறத்தில் ஒரு ராட்சத முள் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருக்கிறது. மெட்ரோனோம். பாட்டு வாத்தியார்கள் தாளம் தப்பாமல் இருக்க மேசையில் வைப்பார்களே, அதை 23 மீட்டர் உயரத்துக்குச் செய்திருக்கிறார்கள். 1991-ல் ஒரு பொருட்காட்சிக்காக வைத்தது, அப்படியே தங்கிவிட்டது. செய்தவர் விராட்டிஸ்லாவ் நோவாக். பக்கத்தில் மின்கம்பியில் பழைய சப்பாத்துகள் ஜோடி ஜோடியாகத் தொங்குகின்றன. கீழே பையன்கள் பலகை வண்டியில் (ஸ்கேட்போர்டு) கடகடவென்று சறுக்குகிறார்கள்.

முன்பு இங்கே நின்றது 15.5 மீட்டர் உயரம், 22 மீட்டர் நீளம். முன்னால் ஸ்டாலின், ஒரு கை கோட்டுக்குள். அவருக்குப் பின்னால் இரண்டு வரிசையாக எட்டுப் பேர். ஒரு பக்கம் சோவியத் மக்கள், மறுபக்கம் செக்கோஸ்லோவாக்கிய மக்கள். தொழிலாளி, விஞ்ஞானி, உழவர் வீட்டுப் பெண், துப்பாக்கி ஏந்திய பெண், கடைசியில் சிப்பாய்கள். இரும்புக்கம்பி கட்டிய கான்கிரீட் உடம்பு, மேலே கருங்கல் போர்வை. எடை 17,000 டன் என்று எழுதியிருக்கிறார்கள். பத்து டன் லாரியில் ஏற்றினால் 1,700 நடை.

இவ்வளவு பாரத்தை ஆற்றங்கரைக் குன்றின் விளிம்பில் நிறுத்த வேண்டும். நானாக இருந்தால் இடத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள் என்று கோப்பில் எழுதியிருப்பேன். அந்தக் கோப்பு என் உத்தியோகத்தோடு சேர்ந்து காணாமல் போயிருக்கும். அவர்கள் குன்றைக் குடைந்து, உள்ளே அறை அறையாகக் கான்கிரீட் கட்டி, அதன் தலையில் சிலையை வைத்தார்கள். அந்த அறைகள் இப்போதும் காலுக்குக் கீழே இருக்கின்றன. இரும்புக் கதவு பூட்டியிருந்தது. தட்டிப் பார்த்தேன், உள்ளே வெறுமையாக எதிரொலித்தது.

1949-ல் ஸ்டாலினின் எழுபதாம் பிறந்த நாளை ஒட்டி அடிக்கல் நாட்டினார்கள். கட்டி முடிப்பதற்குள் 1953 மார்ச் 5-ல் ஸ்டாலின் போய்விட்டார். இறுதிச் சடங்குக்கு மாஸ்கோ போய் வந்த இந்நாட்டுத் தலைவர் கிளமென்ட் காட்வால்ட், ஸ்டாலின் போன ஒன்பதே நாளில் அவரும் போய்விட்டார். வேலை மட்டும் நிற்கவில்லை. 1955 மே 1-ஆம் தேதி திறந்தார்கள். பத்து மாதம்கூட ஆகவில்லை, 1956 பிப்ரவரியில் மாஸ்கோவில் சோவியத் தலைவர் குருஷ்சேவ் பூட்டிய கதவுக்குள் பேசினார். ஸ்டாலின் செய்த கொலைகளும் தனிமனித வழிபாடும் அவர் கட்சியின் வாயாலேயே வெளியே வந்தன. புதுப்பெண்ணுக்கு மஞ்சள் கயிறு காய்வதற்குள் மாப்பிள்ளை வீட்டில் போலீஸ் வந்த கதைதான்.

அப்புறமும் ஆறரை வருடம் சிலை நின்றது. மாஸ்கோவில் 1961 அக்டோபர் 31-ஆம் தேதி இரவோடு இரவாக ஸ்டாலினின் உடலை லெனினுக்குப் பக்கத்திலிருந்து எடுத்துக் கிரெம்ளின் சுவரோரம் புதைத்தார்கள். அதன் பிறகு பிராக்கில் இந்தக் கல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 1962-ல் உடைத்தார்கள். 800 கிலோ வெடிமருந்து.

எனக்குத் திருவாரூர் பக்கம் ஒரு பழைய மதகை வெடி வைத்து எடுத்த அனுபவம் உண்டு. கம்ப்ரசர் வைத்துத் துளை போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மருந்து கெட்டித்து, மேலே மணல் மூட்டை அடுக்கி, சிவப்புக் கொடியோடு நாலு பக்கமும் ஆள் நிறுத்தி. சின்ன மதகு. அதற்கே அன்றைக்கு முழுவதும் சோறு இறங்கவில்லை. இங்கே கீழே ஆறு, பாலம், எதிர்க்கரையில் நானூறு வருடத்துக் கட்டடங்கள். ஒரே வெடியில் முடிகிற காரியமில்லை. நவம்பர் வரை பல முறை வைத்துத்தான் முடித்தார்கள். யாரும் படம் எடுக்கக் கூடாது என்று தடை வேறு. மே தினத்தில் ஊரையே கூட்டித் திறந்ததை, யாரும் பார்க்காதது போல உடைக்க வேண்டும். ஊர் நடுவில், மலை உச்சியில், வெடி வைத்து!

எனக்கு உறைத்தது வேறு. நம் ஊரில் ஆட்சி மாறினால் திட்டத்தின் பெயர் மாறும், பேருந்தின் நிறம் மாறும். அது புரிகிறது, ஆள் வேறு, கட்சி வேறு. இங்கே சிலையைத் திறந்தபோதும் ஆண்ட கம்யூனிஸ்ட் கட்சியின் முதல் செயலாளர் அன்டோனின் நோவோட்னி. வெடி வைத்தபோதும் அவரேதான். அதே கட்சி, அதே ஆள், அதே நாற்காலி. கோப்பில் முதல் குறிப்புக்கும் இரண்டாம் குறிப்புக்கும் ஒரே கையெழுத்து.

கீழே இறங்கி வந்தபோது மனைவி இரண்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டு முடித்திருந்தாள்.

மூன்றாம் நாள், வியாழன்

மழை. டிராமில் ஏறும்போது டிக்கெட்டை இயந்திரத்தில் நீட்டி முத்திரை குத்த வேண்டும் என்று மகள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். வாங்கினேன், பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்தேன், குத்த மறந்தேன். மூன்றாவது நிறுத்தத்தில் ஒரு பெண் பரிசோதகர். வயதைச் சொன்னேன், நாட்டைச் சொன்னேன், ஒன்றும் பலிக்கவில்லை. அபராதம் கட்டிய ரசீதை ஞாபகார்த்தமாக நாட்குறிப்பில் ஒட்டியிருக்கிறேன்.

போன இடம், தேசியக் கலைக்கூடத்தின் நவீனப் பிரிவு இருக்கும் பெரிய வெள்ளைக் கட்டடம். பார்க்கப் போனது ஒரே ஒரு பொருளை. மோட்டார் சைக்கிள்காரன். வளைவில் வண்டியைச் சாய்த்து, உடம்பையும் சாய்த்து, காற்று அவனைப் பின்னால் இழுக்க, அவன் முன்னால் பாய்கிறான். 1924-ல் செய்தது. கல்லும் உலோகமும் இப்படி ஓடுமா என்று சுற்றிச் சுற்றி வந்தேன். காவலுக்கு இருந்த அம்மா எனக்கு ஒரு நாற்காலியைக் காட்டினார். உட்கார மனமில்லை.

செய்தவர் ஓட்டகர் ஷ்வெட்ஸ். ஸ்டாலின் சிலையைச் செய்தவரும் இவரேதான். நாட்டின் பெயர் பெற்ற சிற்பிகள் எல்லோரையும் போட்டியில் இழுத்துவிட்டார்கள். ஷ்வெட்ஸின் மாதிரி தேர்வானது. கட்டட வேலைக்கு யிர்ஷி ஷ்டுர்சா, வ்லாஸ்டா ஷ்டுர்சோவா என்று கணவனும் மனைவியும். முப்பத்திரண்டு வயதில் ஓடுகிற வண்டியைச் செய்த கை, அறுபது வயதில் அசையாத ஒன்பது பேரைச் செய்திருக்கிறது.

சிலை திறப்பதற்கு இரண்டு மாதம் இருக்கும்போது, 1955 மார்ச்சில், ஷ்வெட்ஸ் வீட்டில் எரிவாயுவைத் திறந்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் மனைவி அதற்கு முன்பே அதே முடிவைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஊரில் ஒரு கதை சொல்கிறார்கள். அவர் ஒருநாள் யாரென்று சொல்லாமல் வாடகைக் காரில் சிலையைப் பார்க்கப் போனாராம். 'எப்படி இருக்கிறது?' என்று ஓட்டுநரிடம் கேட்டாராம். அந்த ஆள், 'எல்லாம் சரி, அந்தப் பெண்ணின் கை பக்கத்துச் சிப்பாய் மீது இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறதே, செய்தவனைச் சுடப்போகிறார்கள்' என்றாராம். ஒருவர் இப்படிச் செத்தால் ஊர் இப்படி ஒரு கதையைக் கட்டாமல் விடாது. மோட்டார் சைக்கிளைப் பார்த்தவனுக்கு அந்தக் கதை வேண்டியதில்லை.

சிலைக்கு ஊர் வைத்த பெயர் 'இறைச்சிக்கு வரிசை'. ஒருவர் பின் ஒருவராகப் பொறுமையாக நிற்கிறார்களே, அதற்கு. செக் மொழியில் 'ஃப்ரோன்டா' என்றால் போர்முனை, கடை வரிசை, இரண்டும்தான் என்று மாப்பிள்ளை விளக்கினார். நம் ஊரில் என்றால் ரேஷன் கடை என்றிருப்போம். கேலிக்குக் காரணமும் இருந்தது. 1953 ஜூன் 1-ல் பழைய நோட்டைச் செல்லாது என்றார்கள். ஆளுக்கு 300 கொருனா வரை ஐந்துக்கு ஒன்று, அதற்கு மேல் வைத்திருந்த ரொக்கத்துக்கு ஐம்பதுக்கு ஒன்று. அதற்கு இரண்டு மூன்று நாள் முன்புதான் ஜனாதிபதி ஜபோடோட்ஸ்கி வானொலியில் பணம் உறுதியாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார். 2016 நவம்பரில் ஏ.டி.எம். வாசலில் நின்ற எனக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை. சேமிப்பு போனவன் தினம் அந்தக் குன்றை அண்ணாந்து பார்த்திருப்பான்.

நான்காம் நாள், வெள்ளி

விட்கோவ் குன்று. இன்னொரு ஏற்றம். உச்சியில் குதிரை மேல் ஒற்றைக்கண் தளபதி யான் ஷிஷ்கா, 1420-ல் இதே குன்றில் சிலுவைப்போர்ப் படையைத் துரத்தியவர். 9 மீட்டர் உயர வெண்கலம். குதிரையின் கால் நரம்பு வரை அபாரம்.

ஆனால் நான் போனது அவருக்குப் பின்னால் இருக்கும் நினைவு மண்டபத்துக்கு. முதல் உலகப் போரில் நாட்டின் விடுதலைக்குப் போராடியவர்களுக்காக 1930-களில் கட்டியது. பிறகு ஆட்சிக்கு வந்த கம்யூனிஸ்டுகள் இங்கேதான் காட்வால்டின் உடலைப் பதப்படுத்திக் கண்ணாடிப் பேழையில் வைத்தார்கள். மாஸ்கோவில் லெனின் இருப்பது போல இங்கே ஒருவர் வேண்டுமே. 1953 டிசம்பரிலிருந்து பொதுமக்கள் வரிசையாக வந்து பார்த்தார்கள்.

கீழ்த்தளத்தை இப்போது அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். பகலில் மேலே தரிசனம், மாலையில் பேழை அப்படியே லிஃப்டில் கீழே இறங்கும். குளிரூட்டும் இயந்திரங்கள், அளவுமானிகள், பொத்தான் பலகைகள் எல்லாம் அந்தக் காலத்து வேலைப்பாடு. ஒரு செத்த மனிதரைக் கெடாமல் வைக்க இத்தனை பேர் இரவும் பகலும் ஷிப்டு பார்த்திருக்கிறார்கள். அந்த ஊழியர்களை நினைத்துத்தான் எனக்குப் பாவமாக இருந்தது. வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் யாருக்கு மெமோ போயிருக்கும்?

1962-ல் இவரையும் எடுத்து எரித்துவிட்டார்கள். அங்கே லெட்னாவில் கல் போன அதே வருடம் இங்கே உடல். ஒரே ஆண்டு பட்ஜெட்டில் இரண்டு அப்புறப்படுத்தும் பணி.

திரும்பி வரும்போது ஒன்று தோன்றியது. தமிழுக்கு அவ்வளவு செய்த கமில் சுவெலபில் இந்த ஊர்க்காரர். சிலை நின்ற ஏழரை வருடமும் இங்கே கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தில் இருந்தவர். காலையில் சங்கப்பாடல், ஜன்னலுக்கு வெளியே குன்றின் மேல் 17,000 டன். 1968-ல் சோவியத் டாங்கிகள் வந்த பிறகுதான் அவர் நாட்டை விட்டுப் போனார்.

ஐந்தாம் நாள், சனி

காலையில் பழைய நகரச் சதுக்கம். நடுவில் மாதா தூண். 1650-ல் நட்டது. ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் ஆட்சியிலிருந்து நாடு விடுதலை பெற்ற சில நாளில், 1918 நவம்பர் 3-ல், கூட்டம் கயிறு போட்டு இழுத்துத் தள்ளிவிட்டது. 2020-ல் அதே மாதிரி திரும்ப நட்டிருக்கிறார்கள். நண்பகலில் அதன் நிழல் விழும் இடத்தில் தரையில் ஒரு கோடு போட்டிருக்கிறது. அதன் மேல் நின்று மனைவி என்னைப் படம் எடுத்தாள். வெயில் இல்லாததால் நிழலும் இல்லை.

மாலை ஐந்தரைக்கே லெட்னாவுக்குப் போய்விட்டேன். இந்த முறை டிக்கெட் குத்தினேன். படி ஏறாமல் பின்பக்கப் பூங்கா வழியாக வந்தால் முட்டிக்கு நல்லது என்று இப்போதுதான் சொல்கிறார்கள். வழியில் லெட்னா மைதானம். 1989 நவம்பர் 25, 26 தேதிகளில் ஏழெட்டு லட்சம் பேர் கூடிச் சாவிக்கொத்தை ஆட்டி ஆட்டிக் கம்யூனிஸ்ட் ஆட்சியை அனுப்பிய இடம். அதற்கு முந்தைய மே தினங்களில் அணிவகுப்பு நடந்ததும் இதே மண்ணில்தான்.

மேடைக்கு வந்தால் ஊரே அங்கே இருக்கிறது. கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கையில் பீர் குவளையோடு ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். மகளின் நண்பர்கள் என்னை 'அங்கிள்' என்று கூப்பிடப் பழகியிருந்தார்கள். எனக்கு ஒரு குவளை கோஃபோலா வந்தது. 1960-ல் இந்நாட்டில் செய்த கோலா பானம், கொஞ்சம் கஷாய வாடை. எனக்குப் பிடித்திருந்தது.

ஒருவர், செக் நாட்டுக்காரர், என் வயதுக்குப் பத்து வயது குறைவிருக்கும், 1990-ல் கீழே இருக்கும் அந்தக் கான்கிரீட் அறைகளிலிருந்துதான் அனுமதி இல்லாமல் ஒரு வானொலி ஒலிபரப்பானது என்றார். பெயர், 'ரேடியோ ஸ்டாலின்'. 1996-ல் மைக்கேல் ஜாக்சன் தன் உலகச் சுற்றுப்பயணத்தை இங்கே லெட்னாவில் தொடங்கியபோது, அதே மேடையில் அவருடைய பெரிய சிலையைக் கொண்டுவந்து நிறுத்தினார்களாம். அந்தப் பயணம்தான் நவம்பரில் மும்பைக்கும் வந்தது. காலியான பீடத்தைக் கண்டால் யாருக்கும் சும்மா இருக்க முடியவில்லை.

மெட்ரோனோம் முள் ஆடிக்கொண்டிருந்தது. நான் எழுந்துபோய் மேடையின் விளிம்பில், தெருவுக்கும் பாலத்துக்கும் நேர்க்கோட்டில், சரியாக நடுவில் ஒரு கருங்கல் திட்டு பார்த்து உட்கார்ந்தேன். கல்லின் ஓரம் கண்ணாடி போல வழவழவென்றிருந்தது. கையை வைத்தால் மெழுகு ஒட்டியது. இது என்ன பராமரிப்பு என்று குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே பலகை வண்டியோடு ஒரு பையன் வந்து நின்றான். பதினைந்து வயதிருக்கும். கையில் ஒரு மெழுகுத் துண்டு. செக்கில் ஏதோ சொன்னான். எனக்குப் புரியவில்லை. மகள் தூரத்திலிருந்து கத்தினாள்:

"அப்பா, கொஞ்சம் தள்ளி உட்காரணுமாம். அந்த ஓரம் அவனுக்கு வேணுமாம்."

குவளையை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன்.